அருகில் என்றால் எவ்வளவு?

பெர்மாஸ் ஜெயா, ஜொகூர்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள சாரு அக்காவுக்கு,

மதி எழுதுகிறேன். இங்கே அப்பா, லோஷினி, நான் மூவரும் சுகம். அயர்லாந்தில் குளிர் தொடங்கியிருக்கும். போன வருஷத்து இருமல் திரும்ப வராமல் பார்த்துக்கொள்.

போனில் பேசினால் பத்தாவது நிமிடம் சண்டை வருகிறது, அதனால் இனிமேல் மின்னஞ்சலில் எழுது என்றாய். சரி, எழுதுகிறேன்.

வேலையில் ஒரு முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். எங்கள் கம்பெனி ஒரு சென்சார் செய்திருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பி வருவதை அளக்கும். ஆள் பக்கத்தில் இருந்தால் பெரிய எண் வரும், விலகினால் எண் சிறுத்துவிடும். கணினியை இயக்கும் லினக்ஸ் கெர்னலில் இதற்கு டிரைவர் எழுதுவது என் பொறுப்பு. டிரைவர் என்றால் கருவி சொல்வதைக் கணினிக்கு எடுத்துச் சொல்லும் சின்ன நிரல். (அப்பா பக்கத்து வீட்டில் "என் மகன் டிரைவர்" என்று சொல்லியிருக்கிறார். எந்த பஸ் என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள்.)

கேள்வி இதுதான். அந்த எண்ணை அப்படியே வெளியே கொடுப்பதா? இல்லை, டிரைவரே கணக்குப் பார்த்து 'அருகில்', 'அருகில் இல்லை' என்று ஒரு சுவிட்ச் மாதிரி சொல்லிவிட்டால் போதுமா? நான் சுவிட்ச் பக்கம். மனிதர்களுக்கு ஆம், இல்லை போதும்.

ஒன்றை அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் பொருத்தியிருக்கிறேன். அவர் எழுந்தால் என் போன் பீப் அடிக்கும். பகல்நேரப் பராமரிப்பு நிலையம், அது இது என்று நீ கவலைப்பட வேண்டாம். அப்பா நன்றாக இருக்கிறார்.

லோஷினி உன்னை விசாரித்தாள்.

உன் தம்பி,
மதிவாணன்


கார்க், அயர்லாந்து
16 செப்டம்பர் 2024

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கால் வலிதான், பன்னிரண்டு மணி நேரம் நின்றால் யாருக்கும் வரும்.

சென்சாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அப்பாவைப் பற்றி ஒரே வரி: "நன்றாக இருக்கிறார்." நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். நோயாளியின் ஏட்டில் அப்படி எழுதினால் என் மேலாளர் ஏட்டைத் திருப்பி என் கையிலேயே கொடுப்பார். எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? சாப்பாட்டை முழுங்குவதில் சிரமம் இருக்கிறதா? அம்மா போனது ஞாபகம் இருக்கிறதா, இல்லை இன்னும் அம்மாவைத் தேடுகிறாரா?

எங்கள் இல்லத்திலும் கட்டிலில் மணி இருக்கிறது. மணி அடித்த பிறகு ஓடுவதற்கு ஆள் வேண்டும். உன் பெண்டாட்டி லோஷினி விடிவதற்கு முன்னால் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பி விளக்கு வைத்த பிறகு வருகிறாள். நீ மாடியில் கணினியில் இருக்கிறாய். கீழே அப்பாவுடன் யார்?

கோபப்படாதே. பதில் எழுது.

அக்கா


பெர்மாஸ் ஜெயா
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே தினமும் மத்தியானம் மழை. மற்றபடி சுகம்.

நிரலை கெர்னல் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அந்தப் பகுதியைக் கவனிப்பவர் பதில் போட்டார். இது சுவிட்ச் இல்லை, அளவுக்கருவி. எண்ணைக் கொடு என்கிறார். "எவ்வளவு அருகில் இருந்தால் அருகில் என்பதை டிரைவர் முடிவு செய்யக்கூடாது. அது பயன்படுத்துபவரின் முடிவு" என்று எழுதியிருக்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது. பயன்படுத்துபவன் நான்தானே? இரண்டு பக்கத்துக்கு மறுப்பு எழுதினேன்.

நீ கேட்டதற்குப் பதில்: தூக்கம் பரவாயில்லை. சாப்பாடு பரவாயில்லை. அம்மாவைத் தேடுவதில்லை, இப்போது வேலையைத் தேடுகிறார். மத்தியானம் ஒன்றரை ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டு, "செகண்ட் ஷிப்ட்டுடா, பஸ்ஸு வந்துரும்" என்று கிளம்பிவிடுகிறார். பாசிர் கூடாங் தொழிற்சாலையை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. போன வாரம் கேட் வரைக்கும் போய்விட்டார். போன் பீப் அடித்தது, ஓடிப்போய்ப் பிடித்தேன். "இன்னிக்கு பப்ளிக் ஹாலிடேப்பா" என்றேன். "அலமாக், யாரும் சொல்லலையே" என்று சிரித்தபடி உள்ளே வந்தார்.

ஆக, சென்சார் வேலை செய்கிறது.

மதி


கார்க்
19 அக்டோபர் 2024

அன்புள்ள மதிக்கு,

நீயும் லோஷினியும் நலமாக இருங்கள். நானும் இருக்கிறேன்.

கேட் கதையை நீ சிரிப்பாக எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் நிம்மதி இல்லை. அடுத்த தரம் கேட்டுக்கு வெளியே போய்விட்டால்?

மூன்று மாதத்துக்கு முன் நான் நிலையத்தைப் பற்றிப் பேசியபோது நீ என்ன சொன்னாய்? "அப்பாவ ஹோம்ல தள்ற ஆளு நான் இல்லக்கா." நான் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்யும் இடம் அப்படித் தள்ளப்பட்டவர்கள் இருக்கும் இடம்தான். அதை நான் உனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். பகலில் மட்டும் மதி, நாலு பேரோடு உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். யோசி.

உன் டிரைவர் சண்டையில் எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் எனக்கு யாராவது "காய்ச்சல் இல்லை" என்று சொன்னால், எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பேன்.

தீபாவளியன்று கூப்பிடுகிறேன். அப்பாவிடம் போனைக் கொடு.

அக்கா


பெர்மாஸ் ஜெயா
4 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு நீ பேசியதில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். போனை வைத்த பிறகும் அரை மணி நேரம் உன்னோடு பேசிக்கொண்டிருந்தார். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை இந்த வெயிலில் போட்டுக்கொண்டு கழற்ற மறுத்தார். லோஷினி முறுக்கு சுட்டாள், கொஞ்சம் கருகிவிட்டது.

ஒரு நல்ல செய்தி. சென்சார் தொல்லையைச் சரி செய்துவிட்டேன். அப்பா முன்னால் சாய்ந்தாலே பீப், காலைச் சொறிந்தாலே பீப். கூட்டத்துக்கு நடுவே பத்துத் தடவை கீழே ஓடவேண்டியிருந்தது. இப்போது 'அருகில்' என்பதற்கான எண் எல்லையைக் குறைத்து, அரை நிமிடத்துக்குள் திரும்ப உட்கார்ந்தால் கண்டுகொள்ளாதே என்று டிரைவருக்குள்ளேயே எழுதிவிட்டேன். வீடு அமைதியாக இருக்கிறது.

கெர்னல்காரர் இன்னும் எண், எண் என்கிறார். பத்தொன்பதாம் தேதி எங்கள் கம்பெனியையும் வைத்துக்கொண்டு காணொளியில் பேசி முடிக்கலாம் என்றிருக்கிறோம். அன்று அவரை ஒப்புக்கொள்ள வைப்பேன்.

நிலையத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

மதி


கார்க்
8 டிசம்பர் 2024

மதிக்கு,

நலம் விசாரித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. லோஷினி இரண்டு தடவை எடுத்தாள். இரண்டு தடவையும் "அப்பா தூங்குறாங்கண்ணி" என்றாள். உங்கள் நேரப்படி ஒன்று காலை பதினொரு மணி, இன்னொன்று மாலை ஐந்து மணி. அவள் வேலை நாளில் அந்த நேரத்துக்கு வீட்டில் ஏன் இருந்தாள்?

ஏதாவது எழுது.

அக்கா


பெர்மாஸ் ஜெயா
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாததற்கு மன்னித்துவிடு. வேலை கழுத்தை நெரித்தது. அப்பா சாப்பிடுகிறார், அதிகம் தூங்குகிறார். லோஷினிக்குக் கொஞ்ச நாள் விடுமுறை.

டிரைவரை முழுக்க மாற்றிவிட்டேன். கெர்னல்காரர் சொன்னதுதான் சரி. எல்லை, அரை நிமிடக் காத்திருப்பு எல்லாவற்றையும் எடுத்து எறிந்தாயிற்று. இனி டிரைவர் எண்ணை மட்டும் கொடுக்கும். குழுவுக்கும் எழுதிவிட்டேன். ஏன் மனம் மாறினாய் என்று அவர் கேட்டார். சோதனையில் தெரிந்தது என்றேன்.

எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பேன் என்று நீயும் சொன்னாய். அதனால் நீ பார்ப்பதற்காக, சோதனைக்கென்று உள்ளே சேமித்து வைத்த நாற்காலிச் சென்சாரின் பதிவை இணைத்திருக்கிறேன். பத்து வினாடிக்கு ஓர் எண். சுவிட்சாக இருந்தபோது இதெல்லாம் ஒரே வார்த்தைக்குள் போய்விட்டது. எவ்வளவு இருக்கிறது பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மதி


கார்க்
17 டிசம்பர் 2024

மதி,

பதிவை நேற்று வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்தேன். நோயாளிகளின் எண்களைப் படிப்பதுதானே என் பிழைப்பு.

நவம்பர் முதல் வாரம் முழுக்க 402, 388, 417, 395 என்று ஏறி இறங்குகிறது. அது அப்பா. மூச்சு விடுகிறார், கையை அசைக்கிறார், யாரையோ திட்டுகிறார். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 19, மத்தியானம் இரண்டு மணி ஏழு நிமிடம். 96. திரும்பவும் 96. அப்புறம் 371. 371. 370. 371. நாலரை மணிக்குப் பிறகு வரைக்கும் அதே. இரண்டரை மணி நேரம் எந்த மனிதனும் அப்படி உட்கார மாட்டான். செத்தவனைத் தவிர. நாற்காலியில் இருந்தது அப்பா இல்லை.

நாலு முப்பத்தைந்துக்கு மேல் பதிவே இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

இதை நீ தெரியாமல் அனுப்பினாயா, தெரிந்தே அனுப்பினாயா? அதை அப்புறம் கேட்கிறேன். என் அப்பா உயிரோடு இருக்கிறாரா?

சாருமதி


பெர்மாஸ் ஜெயா
17 டிசம்பர் 2024

அக்கா,

அப்பா உயிரோடு இருக்கிறார். வீட்டில்தான் இருக்கிறார். முதலில் அதைப் படித்துக்கொள்.

பத்தொன்பதாம் தேதி ஒன்றே முக்காலுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு மாடிக்குப் போனேன். காணொளிக் கூட்டம். பீப் வரும் என்ற நம்பிக்கையில் வாசல் கிரில் கதவைப் பூட்டவில்லை. அப்பா எழுந்து, மடியில் கைக்கு வைத்திருந்த தலையணையைத் தட்டி, நாற்காலியில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உனக்குத் தெரியுமே, எழுந்தால் இடத்தை ஒழுங்காக வைக்காமல் போகமாட்டார். அதற்கு இருபது வினாடி ஆகியிருக்கிறது. அரை நிமிடம் வரை கண்டுகொள்ளாதே என்று நான்தான் எழுதியிருந்தேன். தலையணையின் 371, நான் குறைத்து வைத்த எல்லைக்கு மேலே. போனில் 'அருகில்' என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே ஆம், இல்லை போதும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாதாடினேன். கூட்டத்தில் எல்லோருக்கும் அந்தத் திரையைக் காட்டினேன் அக்கா. "இதோ, என் தகப்பனார் கீழே உட்கார்ந்திருக்கிறார்" என்று சொன்னேன்.

நாலரைக்கு டீ போட இறங்கினேன். தலையணை உட்கார்ந்திருந்தது.

தெருத்தெருவாகத் தேடினேன். ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். மழை கொட்டியது. லோஷினி சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸிலிருந்து அழுதபடி எல்லோருக்கும் போன் போட்டாள். ஏழேகாலுக்கு ஒரு மலாய்க்கார அம்மாவின் குரல் வந்தது. அப்பாவின் சட்டைப் பையில் நான் எழுதி வைத்த நம்பர் இருந்திருக்கிறது. கோத்தா திங்கி பஸ் நிலையத்திலிருந்து பேசினார். அங்கே அப்பா எப்படிப் போனார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, இன்னொன்றில் மாறியிருக்க வேண்டும். இறங்கும்போது ஈரப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். அந்த அம்மா நாசி லெமாக் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கடையை அப்படியே விட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த அம்மாவும் இருந்தார். "அப்பா உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாரு" என்று மலாயில் சொன்னார். சாரு நான்தான் என்று நினைத்திருக்கிறார். அப்பா கேட்டது என்னை இல்லை. உன்னை. "சாரு ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

இடுப்பு எலும்பு முறிவு. ஆறாம் நாள் அறுவை. நடுவில் சளி நெஞ்சில் கட்டி இரண்டு நாள் மோசமாகப் போனது. டிசம்பர் மூன்றாம் தேதி வீட்டுக்கு வந்தார். நிற்கவில்லை. நிற்க வைத்தால் குழந்தை மாதிரி என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். லோஷினி சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறாள்.

"அண்ணிக்குச் சொல்லுங்க" என்று அவள் தினமும் சொன்னாள். நான்தான் விடவில்லை. நிலையம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் கத்தியவன் நான். என்னவென்று எழுதுவேன்? நாலு தடவை எழுதி அழித்தேன்.

பதிவைத் தெரிந்தேதான் அனுப்பினேன். நீ படிப்பாய் என்று தெரியும்.

மதி


கார்க்
11 ஜனவரி 2025

மதிக்கு,

நீ நன்றாக இருக்கவேண்டும். அதில் எனக்கு மாற்றமில்லை.

மூன்று வாரம் உனக்கு எழுதாமல் லோஷினியிடம் மட்டும் பேசினேன். அது உனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் செய்தேன். பதில் வராத வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும் என்று. பிறகு அதுவும் அற்பமாகப் பட்டது.

அப்பா விழுந்ததற்காக எனக்கு உன்மேல் கோபம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பொறுப்பில் இருந்த ஒரு அம்மையார் விழுந்தார். கட்டில் மணி தொடர்ந்து அடிக்கிறது என்று அதை அணைத்து வைத்தது நான். திரும்பப் போடுவதற்குள் இன்னொரு அறையில் கூப்பிட்டார்கள். விசாரணையில் ஒப்புக்கொண்டேன், வேலை போகவில்லை. உனக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. அந்த அம்மையாரின் மகன் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார், அவருக்கு முழுதும் தெரியாது.

அதனால் விழுந்தது இல்லை மதி. அப்பா ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரம், நான் இங்கே கிறிஸ்துமஸ் விளக்கு கட்டிக்கொண்டிருந்தேன். போனைக் காதில் வைத்திருந்தால்கூட என் குரல் அவருக்குக் கேட்டிருக்கும். அதை நீ எடுத்துக்கொண்டாய். அதை என்னால் இப்போதைக்கு விட முடியவில்லை. விட்டுவிட்டேன் என்று பொய் எழுதவும் மாட்டேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி செனாய் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறேன். மூன்று வாரம் விடுப்பு. கூட்டிப்போக வராதே, அப்பாவைத் தனியே விட முடியாது. நானே வந்துவிடுவேன்.

அக்கா


பெர்மாஸ் ஜெயா
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால் வலிக்கு அந்தத் தைலம் கேட்டதா? லோஷினி இன்னும் இரண்டு புட்டி வாங்கி வைத்திருக்கிறாள், யார் கையிலாவது கொடுத்து விடுகிறோம். அவள் வேலைக்குத் திரும்பி நாலு மாதம் ஆகிறது, களைத்துப் போய் வருகிறாள், மற்றபடி நலம்.

இனி அப்பாவைப் பற்றி, பிப்ரவரியில் வந்தபோது நீ பழக்கிவிட்டபடி எழுதுகிறேன். இந்த வாரம் பகல்நேர நிலையத்துக்கு மூன்று நாள் போனார். இரண்டு நாள் சாப்பிட்டார், ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டார். செவ்வாய்க்கிழமை கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினோரு வினாடி நின்றார். புதன்கிழமை நிற்கவில்லை, அழுதார். வியாழக்கிழமை என்னை யாரென்று கேட்டார். வெள்ளிக்கிழமை கேட்கவில்லை. எடை ஐம்பத்தொன்று, போன மாதத்தைவிட ஒன்று குறைவு. குதிகாலில் ஒரு சிவப்பு, படம் இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்.

என் டிரைவர் ஒருவழியாகக் கெர்னலில் சேர்ந்துவிட்டது. கம்பெனியில் கேக் வெட்டினார்கள். நான் தின்னவில்லை என்று சொன்னால் நாடகமாக இருக்கும், தின்றேன்.

போன வாரம் போலந்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். நிரலில் என் முகவரியைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் அம்மாவின் கட்டிலுக்கு நம் சென்சாரைப் பொருத்தியிருக்கிறாராம். "எண் வருகிறது, நன்றி. ஆனால் எந்த எண்ணுக்குக் கீழே போனால் அம்மா எழுந்துவிட்டார் என்று அர்த்தம்? ஆவணத்தில் எங்கேயும் இல்லையே" என்று கேட்டிருந்தார். பதில் எழுத எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. அறைக்கு அறை, ஆளுக்கு ஆள் மாறும், என்னால் சொல்ல முடியாது என்று எழுதினேன். ஒரு வாரம் அம்மாவின் பக்கத்தில் நீங்களே உட்கார்ந்து எண்களைப் பாருங்கள், தலையணையைத் தனியாக வைத்தும் பாருங்கள் என்று எழுதினேன். கடைசியில் பத்தொன்பதாம் தேதி நடந்ததையும் எழுதிவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் இன்னும் பதில் போடவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

இன்று ஞாயிறு. இதை அப்பாவின் அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்னும் கொஞ்சம் எழுத நினைத்தேன், அவர் விழித்துவிட்டார். கூப்பிடுகிறார். உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நான் போகிறேன்.

தம்பி